எந்தக் கொப்பி எந்த ட்ரைவில? அடிக்கடி கேக்கிற கேள்வியள்

எங்கட குடும்பத்தின்ர பழைய படங்கள், வீடியோக்கள், பெரியாக்களின்ர குரல் பதிவுகள் எல்லாம் இப்ப முள்ளியவளை, கிளிநொச்சி, வவுனியா, ரொறன்ரோ எண்டு நாலு இடத்தில ஆறு ட்ரைவில கிடக்குது. எது எதில இருக்கெண்டு பாத்துக்கொள்ளுறதுக்கு கிட் அனெக்ஸ் எண்ட சொஃப்ட்வெயாரை மூண்டு வருசமாப் பாவிக்கிறன். சொந்தக்காரரும் அயலில இருக்கிறாக்களும் திருப்பித் திருப்பிக் கேக்கிற கேள்வியளை இதில ஒண்டாச் சேத்து வைச்சிருக்கிறன். கட்டளையளைத் தமிழ் எழுத்திலதான் எழுதியிருக்கிறன், கொம்பியூட்டரில அடிக்கேக்க ஆங்கிலத்தில அடியுங்கோ.

ஆறு ட்ரைவில இருக்குதெண்டா பிறகென்ன பிரச்சினை தம்பி?

இருக்கிறது வேற, இருக்கெண்டு தெரியிறது வேற, அதை நாங்கள் பட்டுத்தான் படிச்சனாங்கள்.

2009ல சண்டைக்குள்ளால வெளியில வரேக்க எங்களிட்ட மிஞ்சினது 11 படம், அதுவும் அம்மா ஒரு பொலித்தீன் பையில சுத்தி இடுப்பில செருகிக்கொண்டு வந்ததாலதான். மிச்ச அல்பங்கள் எல்லாம் ஒவ்வொரு இடமா விட்டிட்டு வந்ததிலயே போட்டுது. பிறகு ரொறன்ரோவில இருக்கிற சித்தி, முந்தி நாங்கள் கடிதத்துக்குள்ள வைச்சு அனுப்பின கலியாணப் படங்கள், சாமத்தியப் படங்கள் எல்லாத்தையும் தேடி எடுத்து ஸ்கான் பண்ணி அனுப்பினவ, வவுனியா மாமாவும் தன்னட்ட இருந்ததைத் தந்தவர், அதோட 2014ல அம்மப்பா அருவிவெட்டுப் பாட்டு பாடினதை நான் போனில பதிஞ்சு வைச்சனான், அவர் அடுத்த வருசம் மோசம் போட்டார்.

ஒரு நாள் அந்தப் பதிவு இருந்த ஹாட் டிஸ்க் டிக் டிக் எண்டு சத்தம் போட்டுக்கொண்டு நிண்டிட்டுது. வேற எங்கயும் கொப்பி இருக்கோ எண்டு ஒருத்தருக்கும் தெரியேல்ல. அக்கா தன்னட்ட இருக்குமெண்டா, பாத்தா அதில வட்டாப்பளைப் பொங்கல் வீடியோதான் இருக்கு, மாமா தான் அழிச்சிட்டன் போல எண்டார். மூண்டு கிழமை. அம்மா ஒவ்வொரு நாளும் பின்னேரம் "கிடைச்சதே?" எண்டு கேப்பா. கடைசியில மச்சானின்ர பழைய பென் ட்ரைவில "புதுசு 2" எண்ட ஃபோல்டருக்குள்ள இருந்தது, அவன் அந்தப் பென் ட்ரைவை ஃபோர்மட் அடிச்சு கார் செட்டுக்குப் பாட்டு ஏத்த வைச்சிருந்தவன், கையில எடுத்தும் வைச்சிட்டான். அண்டைக்குத்தான் இதுக்கு ஒரு வழி பாக்கோணுமெண்டு இருந்தனான்.

கூகிள் ட்ரைவில போட்டா முடிஞ்சுதே?

ஒரு கொப்பி அங்க இருக்கிறது நல்லது, ஆனா அதை மட்டும் நம்பி இருக்காதேங்கோ. சும்மா தாற இடம் 15 ஜிபி, மெயிலும் படமும் சேத்து. எங்களிட்ட வீடியோவே 400 ஜிபிக்கு மேல. இன்னொண்டு, ரெண்டு வருசம் பாவிக்காமக் கிடக்கிற எக்கவுண்டுகளை அழிக்கலாமெண்டு கூகிள் 2023 கடைசியில இருந்து சட்டம் வைச்சிருக்கு, எங்கட பெரியாக்கள் எத்தினைபேர் பாஸ்வேர்டை மறந்து புது எக்கவுண்ட் திறந்து போன் பாவிக்கினமெண்டு யோசிச்சுப் பாருங்கோ. வட்ஸ்அப் குறூப்பில போட்டு வைச்சிருக்கிறதைக் கணக்கில எடுக்கவே வேண்டாம், அது வழமையா படத்தைச் சுருக்கித்தான் அனுப்புது, ஸ்கான் பண்ணின படத்தில பின்னுக்கு நிக்கிற ஆளின்ர முகம் பிறகு விளங்காது.

ஒரு சீஆர் கொப்பியில எழுதி வைக்கலாம்தானே? இல்லாட்டி எக்செல்லில?

ரெண்டும் செய்தனான். முதல் மாதம் வடிவா இருக்கும். பிறகு அக்கா இடம் காணாதெண்டு ரெண்டு ஃபோல்டரை அழிப்பா, அதைக் கொப்பியில ஆர் எழுதிறது? மாமா ஃபைலின்ர பெயரை மாத்துவார். ஆறு மாதத்தில கொப்பி ஒண்டு சொல்லும், ட்ரைவ் ஒண்டு சொல்லும். கணக்கை எழுதிறவரும் ஃபைலைத் தூக்கி வைக்கிறவரும் ஒரே ஆளா இருந்தாத்தான் கணக்குப் பிழைக்காது, கிட் அனெக்ஸ் செய்யிறது அதைத்தான், கொப்பி பண்ணுறதும் அழிக்கிறதும் அதுக்குள்ளால நடக்கிறதால அதை அப்பவே குறிச்சு வைக்குது.

அது என்ன சாமான்? ஆர் செய்தது?

கிட் எண்டது 2005ல லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதினது, புறோகிராம் எழுதிறாக்கள் தங்கட வேலையின்ர ஒவ்வொரு மாற்றத்தையும் வைச்சுக்கொள்ளுறதுக்கு. அதுக்குள்ள பெரிய வீடியோக்களைப் போட்டா மூச்சு முட்டிப் போயிடும். 2010ல ஜோயி ஹெஸ் எண்டவர் அதுக்கு மேல கிட் அனெக்ஸை எழுதினார், ஹாஸ்கல் மொழியில, காசு இல்லை, ஆரும் எடுத்துப் பாவிக்கலாம்.

எங்கட ஊர்க் கணக்கில சொல்லுறதெண்டா, பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்துக்கு நாலைஞ்சு கிளைக் கடை இருக்கெண்டு வையுங்கோ. சீனி, மா, பருப்பு எண்டு சாமான் எல்லாக் கடையிலயும் இராது, இடம் காணாது. ஆனா எந்தச் சாமான் எந்தக் கடையில இருக்கெண்ட இருப்புப் புத்தகம் முழுசா ஒவ்வொரு கடையிலயும் இருக்கு. முள்ளியவளைக் கடையில நிண்டுகொண்டு கிளிநொச்சியில பருப்பு இருக்கோ எண்டு புத்தகத்தைப் புரட்டிப் பாக்கலாம். இதில கடைதான் ரெப்போ, அதாவது ஒவ்வொரு டிஸ்கிலயும் கொம்பியூட்டரிலயும் இருக்கிற கிட் அனெக்ஸ் ஃபோல்டர், சாமான் எண்டது ஃபைலுக்குள்ள இருக்கிற உள்ளடக்கம். புத்தகம் கிட்டுக்குள்ள "கிட் அனெக்ஸ்" எண்ட பெயரிலயே தனிப் பகுதியா இருக்கும், அதை நீங்கள் கையால தொடத் தேவையில்லை.

ஒரு படத்தை எப்பிடி அடையாளம் பிடிக்குது? பெயரை வைச்சோ?

பெயரை வைச்சு இல்லை, உள்ளடக்கத்தில இருந்து கணக்கிட்டு எடுக்கிற கைரேகை ஒண்டை வைச்சு. வழமையா ஷா256 எண்ட முறைதான், ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை முழுசா மாறிடும். இதால ஒரு பெரிய நன்மை, அக்காவின்ர ட்ரைவில "கலியாணம்" எண்டும் மாமாவின்ர ட்ரைவில "பழசு 7" எண்டும் கிடக்கிறது ஒரே ஃபைலெண்டா அது ரெண்டுக்கும் ஒரே கைரேகைதான் வரும், ரெண்டு கொப்பி எண்டு தானாக் கணக்கில ஏறும். எங்களிட்ட முதல்முறை சேத்துப் பாக்கேக்க சித்தியின்ர ஒரு படம் 9 பெயரில கிடந்தது, அதே நேரம் அம்மப்பான்ர பாட்டு ஒரே ஒரு இடத்தில.

சரி, எங்க இருக்கெண்டு எப்பிடிக் கேக்கிறது?

"கிட் அனெக்ஸ் வேர்இஸ்" எண்டு அடிச்சு பக்கத்தில ஃபைலின்ர பெயரைக் குடுங்கோ. அம்மப்பான்ர பாட்டுக்கு இப்ப அடிச்சா 4 கொப்பி எண்டு முதல் வரியில வரும். கீழ நாலு வரி. ஒவ்வொரு வரியிலயும் எழுத்தும் இலக்கமும் கலந்து 36 இடம் நீளமான ஒரு அடையாளம், அதுக்குப் பக்கத்தில நாங்கள் வைச்ச பெயர்: "முள்ளியவளை மேசைக் கொம்பியூட்டர்", "அக்கா வீடு கறுப்பு டிஸ்க்", "மாமா லொக்கர் நீல டிஸ்க்", "சித்தி ரொறன்ரோ". இப்ப நீங்கள் நிக்கிற கொம்பியூட்டர் எதெண்டதுக்குப் பக்கத்தில "இங்க" எண்டு குறிச்சிருக்கும்.

அந்த நீள அடையாளத்தை யூயூஐடி எண்டு சொல்லுவினம், ரெப்போவைத் தொடங்கேக்க தானா உண்டாகும், டிஸ்கை எந்தக் கொம்பியூட்டரில செருகினாலும் அது மாறாது, வின்டோஸில ஈ ட்ரைவ் எஃப் ட்ரைவ் எண்டு எழுத்து மாறிறமாதிரி இல்லை.

எல்லா ஃபைலையும் ஒரே பார்வையில பாக்கோணுமெண்டா "கிட் அனெக்ஸ் லிஸ்ட்" அடியுங்கோ, ஒவ்வொரு டிஸ்குக்கும் ஒரு நிரல், இருந்தாப் புள்ளடி, இல்லாட்டி வெறுங்கோடு. ஒரே ஒரு புள்ளடியோட நிக்கிற வரி கண்ணில குத்தும்.

டிஸ்க் ரொறன்ரோவில, செருகவும் இல்லை, கரண்டும் இல்லை. அதில என்ன இருக்கெண்டு இங்க எப்பிடித் தெரியும்?

புத்தகம் எங்களிட்டயும் இருக்கிறதால. ஒவ்வொரு கைரேகைக்கும் ஒரு சின்னக் குறிப்பு, அதில இடத்துக்கு ஒரு வரி, வரியில மூண்டே விசயம்: நேரம், 1 இல்லாட்டி 0, யூயூஐடி. 1 எண்டா இருக்கு, 0 எண்டா இல்லை. அவ்வளவுதான், சின்ன எழுத்துத்தானே, 400 ஜிபிக்கான புத்தகம் எங்களுக்கு ஒரு பென் ட்ரைவின்ர மூலையில அடங்குது.

ஆனா புத்தகம் கடைசியாச் சந்திச்ச நேரத்துச் செய்தியைத்தான் சொல்லும். சித்தி நேற்று அங்க ஏதும் அழிச்சிருந்தா, ரெண்டு பக்கமும் "கிட் அனெக்ஸ் சிங்க்" அடிச்சு புத்தகங்கள் மாறும்வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. இதை விளங்கிக்கொண்டாத்தான் அடுத்த பதில் விளங்கும்.

அப்ப புத்தகத்தை நம்பி இங்க அழிச்சு, அங்கயும் இல்லையெண்டா?

இந்தக் கேள்வியைக் கேட்டது அக்கா, கேட்டவுடன எனக்கு நல்ல சந்தோசம், ஏனெண்டா இதுதான் முக்கியமான கேள்வி.

இடம் காணாமப் போய் ஒரு ஃபைலின்ர உள்ளடக்கத்தை எடுத்துவிடோணுமெண்டா "கிட் அனெக்ஸ் ட்ரொப்" எண்டு அடிக்கிறது. அப்ப அது புத்தகத்தைப் பாத்து ஓமெண்டு விடாது. மற்ற டிஸ்குகளிட்ட நேர போய் "உன்னட்ட இப்ப இருக்கோ" எண்டு கேக்கும், இருக்கெண்டா நாங்கள் அழிச்சு முடியும்வரைக்கும் அங்க அதை அழிக்க விடாமப் பிடிச்சும் வைச்சுக்கொள்ளும், ரெண்டு பேர் ஒரே நேரத்தில மற்றவனிட்ட இருக்கெண்டு நம்பி அழிக்கிற விபரீதம் நடக்காம. அப்பிடி எத்தினை கொப்பியை உறுதிப்படுத்தோணுமெண்டு நீங்கள் "கிட் அனெக்ஸ் நம்கொப்பீஸ்" எண்டு அடிச்சுச் சொல்லி வைக்கலாம். சொல்லாட்டி 1தான், அதை முதல் நாளே மாத்துங்கோ.

மாமா ஒருக்கா, நாங்கள் அந்த 1ஐ இன்னும் மாத்தாத நேரம், லப்டொப்பில இடம் காணாதெண்டு முழு ஃபோல்டருக்கும் ட்ரொப் அடிச்சார். டிஸ்க் ஒண்டும் செருகேல்ல. திரையில ஒவ்வொரு ஃபைலுக்கும் பாதுகாப்பில்லை எண்டு வந்து, தேவையான கொப்பியளில ஒண்டையும் உறுதிப்படுத்த ஏலாமக் கிடக்கு, இந்த டிஸ்குகளில எதையாவது கொண்டுவந்து செருகுங்கோ எண்டு பெயரோட வரிசையா எழுதி, ஒண்டையும் அழிக்காம நிண்டிட்டுது. அவருக்கு எரிச்சல், எனக்குப் போன் எடுத்து "உன்ர சாமான் என்ர கொம்பியூட்டரில என்னை அழிக்க விடுதில்லை" எண்டார். நான் நீல டிஸ்கைச் செருகிப்போட்டு திருப்பி அடியுங்கோ எண்டன், அழிஞ்சுது, ஏனெண்டா அதில இருந்தது. ஃபோர்ஸ் எண்ட சொல்லைச் சேத்து அடிச்சா பாக்காமலே அழிக்கும், அதைப் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்காதேங்கோ.

எத்தினை கொப்பி வைக்கோணும்?

நாங்கள் இப்ப 3 எண்டு வைச்சிருக்கிறம், அதில ஒண்டாவது மாவட்டத்துக்கு வெளியில. 2018 மார்கழி வெள்ளத்தில கிளிநொச்சியிலயும் முல்லைத்தீவிலயும் ஒரே இரவில தண்ணி வீட்டுக்குள்ள வந்தது, அக்கா வீட்டு அலுமாரியின்ர கீழ்த்தட்டு முழுக்கச் சேறு. ஒரே வீட்டில மூண்டு டிஸ்க் வைச்சிருந்தா அது ஒரு கொப்பி எண்டுதான் நான் எண்ணுவன். 1981ல யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சபோது வேற எங்கயும் பிரதி இல்லாத ஏடுகள் போனதெண்டு சின்னனில இருந்தே கேட்டு வளந்தனாங்கள்தானே, 2005ல தொடங்கின நூலகம் எண்ட இணைய நூலகம் புத்தகங்களை ஸ்கான் பண்ணி எல்லாருக்கும் வைக்கிறதின்ர அருமை அதாலதான் எங்களுக்கு விளங்குது. குடும்பப் படத்தை அப்பிடி வேற ஆரும் வந்து எடுத்து வைக்கப் போறதில்லை.

எதுக்குக் கொப்பி காணாதெண்டு பாக்க "கிட் அனெக்ஸ் ஃபைண்ட்" எண்டதோட, லாக்கிங்கொப்பீஸ் எண்டு சேத்து 1 எண்டு குடுத்தா, குறைஞ்சது ஒரு கொப்பியாவது பத்தாம நிக்கிற ஃபைலுகள் மட்டும் வரும். நான் மாதத்தில ஒருக்கா அடிப்பன்.

டிஸ்க் துலைஞ்சு போச்சு / பழுதாப் போச்சு. புத்தகத்தில இன்னும் இருக்கெண்டு காட்டுதே?

"கிட் அனெக்ஸ் டெட்" எண்டு அந்த டிஸ்கின்ர பெயரைக் குடுங்கோ. அதுக்குப் பிறகு அது கொப்பிக் கணக்கில வராது, அதில மட்டும் இருந்ததுகள் பத்தாதெண்டு வெளியில தெரியும். சிலவேளை மனசு கேக்காது, திருத்தலாமெண்டு கடையில குடுத்திருப்பியள், அப்ப "அன்ட்ரஸ்ட்" எண்டு போடுங்கோ, அழிக்கேக்க அதைக் கணக்கில எடுக்காது ஆனா மறக்கவும் மாட்டுது. டிஸ்க் உயிரோட திரும்பி வந்தா "செமிட்ரஸ்ட்" எண்டு பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். "ட்ரஸ்ட்" எண்டும் ஒண்டு இருக்கு, அது போட்டா நேர போய்ப் பாக்காமப் புத்தகத்தை நம்பி அழிக்க விடும். நான் ஒரு டிஸ்குக்கும் போட்டதில்லை.

டிஸ்கில இருக்கு எண்டு சொல்லுது, ஆனா படம் திறக்குதில்லை, பாதி சாம்பல் நிறமா இருக்கு.

உள்ளுக்குப் பழுதாப் போச்சு. "கிட் அனெக்ஸ் எஃப்எஸ்சிகே" எண்டு அடிச்சா ஒவ்வொரு ஃபைலையும் முழுசா வாசிச்சு கைரேகையைத் திருப்பிக் கணக்கிட்டு ஒப்பிடும். பொருந்தாததை "பாட்" எண்ட தனி ஃபோல்டருக்குத் தள்ளிவிட்டு, புத்தகத்தில இந்த டிஸ்க்குக்கு 0 எண்டு எழுதும். நல்ல கொப்பி இருக்கிற டிஸ்கைச் செருகி "கிட் அனெக்ஸ் கெற்" அடிச்சா திருப்பி வந்திடும். பெரிய டிஸ்குக்கு மணித்தியாலக் கணக்கில ஓடும், கரண்ட் நிண்டா விட்ட இடத்தில இருந்து தொடரவும் வழி இருக்கு, இன்கிரிமென்டல் எண்டு சேத்துத் தொடங்குங்கோ, திரும்ப ஓடவிடேக்க அதுக்குப் பதிலா மோர் எண்டு குடுங்கோ. வருசத்தில ரெண்டு தரமாவது செய்யுங்கோ.

முழு ஃபோல்டரையும் புது டிஸ்குக்கு கொப்பி பேஸ்ட் பண்ணினா என்ன?

தயவு செய்து வேண்டாம். அப்பிடிச் செய்தா யூயூஐடியும் சேந்து போகும், ரெண்டு டிஸ்குக்கு ஒரே அடையாளம், ஒரு கடை எண்டு நினைச்சு ரெண்டு கடையின்ர இருப்பையும் ஒரே பக்கத்தில எழுதினமாதிரி. அக்கா வீட்டில இது நடந்து ஒரு கிழமை வேர்இஸ் சொன்னதெல்லாம் பிழை. திருத்தினது எப்பிடியெண்டா, புது டிஸ்கில இருந்த கிட் செட்டிங்கில அனெக்ஸ் யூயூஐடி எண்ட வரியை எடுத்துப்போட்டு, திருப்பி "கிட் அனெக்ஸ் இனிட்" அடிச்சுப் புது அடையாளம் எடுத்து, பிறகு ரெண்டு டிஸ்கிலயும் எஃப்எஸ்சிகே ஓடவிட்டது. சரியான முறை, புத்தகத்தையும் பெயர்களையும் மட்டும் கொண்டுபோற கிட் குளோன், பிறகு புது அடையாளம் எடுக்கிற இனிட், பிறகு உள்ளடக்கத்தை எடுக்கிற கெற்.

ரெண்டு வீட்டில ஒரே நேரம் மாத்தினா புத்தகம் குழம்பாதோ?

குழம்பாது. சேரேக்க ரெண்டு பக்கத்து வரியளையும் ஒண்டாப் போட்டு, ஒரே டிஸ்குக்கு ரெண்டு வரி இருந்தா நேரத்தில புதுசை எடுக்கும்.

இங்க நெற் வாறதே கஷ்டம், எப்பிடி சிங்க் செய்யிறியள்?

பஸ்ஸில. உண்மையாச் சொல்லுறன், எங்கட வேலையில முக்கால்வாசி பஸ்ஸிலதான் நடக்குது. மாங்குளத்தால கிளிநொச்சிக்குப் போறவை ஆரிட்டயும் ஒரு டிஸ்கைக் குடுத்துவிடுவன், அக்கா அதைச் செருகி சிங்க் அடிச்சு, வேணுமெண்டதை கெற் பண்ணி, தன்ர புதுசுகளை அதில "கொப்பி டு" எண்டு ஏத்தி, வாற கிழமை திருப்பி விடுவா. டிஸ்கோட புத்தகமும் போய் வருது, அதால அக்கா வீட்டில நடந்ததெல்லாம் எனக்கும் தெரிய வரும். ரொறன்ரோவுக்கு மட்டும் நெற்றால புத்தகம் போகும், பெரிய வீடியோக்கள் ஆரும் ஊருக்கு வந்து போகேக்க.

பென் ட்ரைவை டீவியில செருகினா படம் தெரியுதில்லையே?

அனெக்ஸுக்குள்ள உள்ளடக்கம் வேற இடத்தில கிடக்கும், பெயர் அதைக் காட்டிற ஒரு சுட்டி மட்டும்தான், டீவிக்கு அது விளங்காது. இதோட ஃபாட்32, எக்ஸ்ஃபாட் எண்ட முறையில ஃபோர்மட் பண்ணின ட்ரைவுகளில அந்தச் சுட்டியும் வேலை செய்யாது, அதுகளில கிட் அனெக்ஸ் தானா வேற முறைக்கு மாறி முழு ஃபைலையே வைக்கும். ஃபாட்32ல 4 ஜிபிக்குக் கூடின வீடியோ ஏறவே ஏறாது எண்டதும் நினைவில இருக்கட்டும். அம்மாவுக்கு நான் செய்து குடுத்தது எக்ஸ்போர்ட் எண்ட முறையில, சாதாரண ஃபோல்டரும் சாதாரணப் பெயருமா ஒரு பென் ட்ரைவ். அதில இருக்கிறதையும் வேர்இஸ் காட்டும், ஆனா அழிக்கேக்க அதைக் கொப்பியா எண்ணாது, அது சரிதான், டீவிப் பென் ட்ரைவில ஆர் எதை மாத்துவினமெண்டு தெரியாதுதானே.

வெளியாக்கள் பாக்கக் கூடாத படங்களும் இருக்கு.

எங்களிட்டயும் இருக்கு. காணாமப் போன ஆக்களின்ர படம், பதிவுப் பத்திரங்கள், காயத்தோட எடுத்த படங்கள். வாடகைக்கு எடுக்கிற இணைய இடத்தில வைக்கிறதெண்டா குறியாக்கம் போட்டுத்தான் வையுங்கோ, திறப்பு இல்லாம வாசிக்க ஏலாதமாதிரி மாத்திறது, அப்ப அங்க ஃபைல் பெயரும் தெரியாது உள்ளடக்கமும் தெரியாது. அதில "ஷெயார்ட்" எண்ட முறையில திறப்பு ரெப்போவுக்குள்ளயே இருக்கும், எங்கட ரெப்போ கிடைச்ச ஆரும் திறக்கலாம், அதால இப்பிடியான படங்களுக்கு ரெப்போவுக்கு வெளியில உங்களிட்ட மட்டும் இருக்கிற ஜிபிஜி திறப்பு பாவிக்கிறது நல்லம். வீட்டு டிஸ்குகளில இதொண்டும் பூட்டாது, அதுக்கு டிஸ்கையே பூட்டோணும். நாங்கள் இந்தப் படங்களுக்குத் தனி ரெப்போ வைச்சிருக்கிறம், அதைப் பஸ்ஸில குடுத்து விடுறதில்லை.

கட்டளை அடிக்கத் தெரியாதாக்கள்?

அசிஸ்டன்ட் எண்டு பிரவுசரில பாக்கிறமாதிரி ஒண்டு இருக்கு, 2012ல சனத்திட்ட இருந்து காசு சேத்து எழுதினது. பாவிக்கலாம். எண்டாலும் வீட்டில ஒருத்தர் கட்டளை படிச்சு மற்றாக்களுக்குச் செய்து குடுக்கிறதுதான் எங்களுக்குச் சரிவந்தது. வின்டோஸை விட லினக்ஸில சுகமா ஓடுது.

எங்களிட்ட ஒரு பிஸ்கட் ரின் நிறைய டிஸ்க் கிடக்கு. எங்க தொடங்கிறது?

முதலில ஒண்டையும் அழிக்காதேங்கோ, ஒண்டையும் ஃபோர்மட் அடிக்காதேங்கோ. ஒவ்வொரு டிஸ்கிலயும் ஸ்டிக்கர் ஒட்டி பெயர் எழுதுங்கோ, அந்தப் பெயரையே இனிட் அடிக்கேக்கயும் குடுங்கோ, தமிழிலயே குடுக்கலாம். "டிஸ்க் 1", "டிஸ்க் 2" எண்டு வைக்காதேங்கோ, பத்து வருசத்துக்குப் பிறகு வாசிக்கிற பிள்ளைக்கு "மாமா லொக்கர் நீல டிஸ்க்" எண்டாத்தான் எந்த வீட்டுக் கதவைத் தட்டுறதெண்டு தெரியும். இடம் கூடின புது டிஸ்கில ஒரு ரெப்போ தொடங்கி, பழைய டிஸ்குகளை ஒவ்வொண்டாச் செருகி அதில இருக்கிறதை உள்ளுக்க கொப்பி பண்ணி "கிட் அனெக்ஸ் அட்" அடியுங்கோ, ஒரே ஃபைல் எத்தினை தரம் வந்தாலும் உள்ளுக்க ஒருக்காத்தான் இடம் பிடிக்கும். சத்தம் போடுற டிஸ்க் ஏதும் இருந்தா அதை முதலாவதா எடுங்கோ, ஃபானுக்குக் கீழ வைச்சு, முடியும்வரைக்கும் ஆட்டாம.